கோடீஸ்வரன் பிஸ்கற்றும் வீம்புக்காரத் தம்பியும்

1

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் பிஸ்கற் சுட்டார்கள். அதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். வெளிநாட்டில் இருக்கிறவன் எழுதினால் பனி கொட்டவேண்டும், அவன் ரயில் நிலையத்தில் தனியாக நின்று பெருமூச்சு விடவேண்டும், முடிவில் பனங்கூடல் ஞாபகத்துக்கு வரவேண்டும் என்று எதிர்பார்க்கிறவர்கள் இந்த இடத்திலேயே பக்கத்தைத் திருப்பலாம். இருபது வருடமாகப் பனியை நான் பார்ப்பது சவளும் கையுமாக. விடிய முன்னர் எழும்பி நடைபாதையில் பனி தள்ளுகிறவனுக்குக் கவிதை வராது. இடுப்பு வலிதான் வரும்.

ஸ்டுட்கார்ட்டில் ஒரு தொடர்மாடிக் கட்டிடத்தைப் பராமரிப்பது என் வேலை. குப்பைத் தொட்டிகளை வீதிக்கு இழுப்பேன், பல்ப் மாற்றுவேன், அடைத்த குழாயைத் திறப்பேன். இந்த வாரம் படிக்கட்டைக் கூட்டித் துடைக்கவேண்டிய வீடு எது என்று காட்டுகிற பலகையைக் கதவில் கொழுவுவேன். இந்தப் பகுதிச் சனத்துக்குக் கடவுளுக்கு அடுத்தது படிக்கட்டுக் கூட்டுவது. சில பேருக்கு முந்தியது.

சரி, பிஸ்கற்றுக்கு வருகிறேன். இது ஜேர்மன் பலகாரம் இல்லை. ஸ்கொட்லாந்துக்காரர் பின்னேரத் தேநீரோடு தின்கிற சாமான். சதுரத் தட்டில் மூன்று அடுக்காகச் செய்வார்கள். கீழே பட்டர் பிஸ்கற். நடுவில் தகரத்தில் வருகிற ரின்பால், சீனி, பட்டர், சீனிப்பாணி எல்லாம் சேர்த்துக் காய்ச்சின களி. மேலே உருக்கி ஊற்றின சொக்கிலேற். குளிரவைத்து, பிறகு துண்டு போடுவார்கள். இதற்கு அவர்கள் வைத்த பெயர் கோடீஸ்வரன் பிஸ்கற். பட்டருக்கு மேலே பட்டர், சீனிக்கு மேலே சீனி. என்னுடைய டொக்டர் கண்டால் அடுக்குக்கு ஒரு குளிசை எழுதுவார்.

இதை என் வீட்டில் செய்தது ருசிக்காக இல்லை. என் தம்பியின் வீம்புக்காக. இந்தச் சாமானை அவன் என் வீட்டில் வைத்து வாயில் போடுவானா மாட்டானா என்பதுதான் அன்றைய கேள்வி. அதற்குக் கீழே இன்னொரு கேள்வி கிடந்தது. அதையும் சொல்கிறேன்.

2

தம்பி ரஞ்சன் கிளாஸ்கோவில் இருக்கிறான். பெரிய வெதுப்பகம் ஒன்றில் வேலை. முதலில் அவனும் ஜேர்மனிக்குத்தான் வந்தான். வந்து அகதி அன்ட்ராக் கொடுத்தான். அன்ட்ராக் என்றால் விண்ணப்பம். இந்த நாட்டில் மூச்சு விடுவதைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் அது வேண்டும். அவனை வேறு மாவட்டத்தில் ஒரு முகாமில் போட்டார்கள். மாவட்ட எல்லையைத் தாண்ட அவனுக்கு அனுமதி இல்லை. என் வீடு ரயிலில் ஒரு மணித்தியாலம்கூட இல்லை. வருவதென்றால் கந்தோருக்குப் போய், காரணம் சொல்லி, துண்டு வாங்கவேண்டும். ஒருமுறை காரணம் என்று "புட்டுத் தின்ன" என்று எழுதிக் கொடுத்தானாம். அவர்கள் அகராதியில் தேடிவிட்டு, இல்லை என்று சொன்னார்களாம்.

நாலு வருடம் இழுத்தடித்துவிட்டு அன்ட்ராக்கை நிராகரித்தார்கள். அன்றைக்கு அவன் துண்டு ஒன்றும் வாங்காமல் நேரே என் வீட்டுக்கு வந்தான். என் மனைவி தவம் புட்டும் மீன்குழம்பும் போட்டாள்.

"வழக்குப் போடுவம். வக்கீலிட்டை நேரம் கேட்டு டெர்மின் எடுத்திருக்கிறன்," என்றேன்.

"உன்ரை டெர்மினை நீயே வச்சிரு. நான் லண்டனுக்கு லொறி ஏறப்போறன். ஏஜென்டோடை கதைச்சாச்சு."

"லொறிக்குள்ளை மூச்சடைச்சுச் செத்தாயெண்டால் பிரேதம் எடுக்க நான் வரமாட்டன். போறதெண்டால் ஒரேயடியாய்ப் போ. பிறகு வந்து என்ரை வாசலை மிதிக்காதை."

அவன் செம்பை எடுத்து, பாதி தின்ற புட்டுக்கு மேலேயே கையைக் கழுவினான். எங்கள் ஆட்களுக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை. முகத்தில் அடித்திருந்தாலும் இவ்வளவு நொந்திருக்காது. அதோடு விடவில்லை. "இனி உன்ரை வீட்டிலை பச்சைத் தண்ணியும் குடியன்," என்று சொல்லிவிட்டுப் படியால் இறங்கிப் போனான். அது நடந்து பதினொரு வருடம்.

நான் சொன்னது சரி என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். லொறிக்குள் செத்தவர்கள் இருக்கிறார்கள். அவன் சாகவில்லை என்பது என் வாதத்தின் பிழை இல்லை. ஆனால் பாருங்கள், அவன் போய்ச் சேர்ந்தான், மன்னாரிலிருந்து வந்த அனற் என்ற வேதக்கார, கத்தோலிக்கப் பெட்டையைக் கட்டினான், ஒரு மகள் பிறந்தாள், பிரித்தானியக் கடவுச்சீட்டும் எடுத்துவிட்டான். நான் ஜேர்மன் கடவுச்சீட்டுக்கு ஏறி இறங்கின படிகளைக் கூட்டித் துடைத்திருந்தால் இந்த நகரம் முழுக்கப் பளபளத்திருக்கும். அவனுக்கு அந்தக் கரைச்சல் பாதியும் இல்லை. அது எனக்கு எரிச்சல். இல்லையென்று பொய் சொல்லமாட்டேன்.

இடையில் ஊரில் அப்பா செத்தார். போக இருவருக்கும் வழியில்லை. நான் இங்கே கோயில் மண்டபத்தில் ஐயரைப் பிடித்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி செய்தேன். அவன் அங்கே தனியாகச் செய்தான். அனற் தன் பங்குக்கு ஒரு பூசையும் ஒப்புக்கொடுத்தாள். ஒரே மனிசனுக்கு இரண்டு நாட்டில் எள்ளும் தண்ணியும். எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் அந்த மனிசன் நடுக்கடலில் நின்றிருப்பார்.

இந்த வருடம் அம்மா தொலைபேசியில் அதைப் பிடித்துக்கொண்டா. இருமிக்கொண்டே கேட்டா:

"என்ரை காரியத்தையும் ரெண்டாய்த்தான் செய்யப்போறியளோ?"

"இப்ப ஏனம்மா அந்தக் கதை?"

"எனக்குத் தெரியவேணும். ரெண்டாய்ச் செய்யிறதெண்டால் நான் சாகமாட்டன். ஒரே தட்டிலை தின்னுங்கோ, பிறகு பாப்பம்."

நான் சொன்ன மற்றக் கேள்வி இதுதான். அம்மாவுக்கு எண்பதுக்குக் கிட்ட. ஊரில் திரும்பவும் சண்டை தொடங்கிற மாதிரி இருந்தது. பகிடியாகச் சொன்னாலும் அவ பகிடிக்குச் சொல்லவில்லை.

3

இந்தப் பதினொரு வருடமும் நானும் ரஞ்சனும் வாய் திறக்கவில்லை. எங்கள் மனைவிமார் வாய் மூடவில்லை. தவமும் அனற்றும் நேரில் கண்டதே கிடையாது. ஆனால் தொலைபேசி கார்ட் விற்கிற கடைக்காரன் இவர்களால்தான் பிழைத்தான். என் கொலஸ்ட்ரோல் எவ்வளவு என்று கிளாஸ்கோவுக்குத் தெரியும். ரஞ்சன் நித்திரையில் குறட்டை விடுவது ஸ்டுட்கார்ட்டுக்குத் தெரியும்.

சொந்தத்தில் ஒரு கலியாணம் ஸ்டுட்கார்ட்டில் வந்தது. ரஞ்சன் குடும்பமாக வருகிறான், கலியாண வீட்டுக்காரரோடு தங்குகிறான் என்று கேள்விப்பட்டேன். அனற் பிடித்த பிடியில் ஒரு பின்னேரம் எங்கள் வீட்டுக்கு வரவும் சம்மதித்துவிட்டானாம்.

"வருவார் அக்கா. ஆனா கை நனைக்கமாட்டாராம்," என்று அனற் சொன்னாளாம்.

ஒருவன் வீட்டுக்கு வந்து ஒரு மிடறு தேத்தண்ணியும் குடிக்காமல் போவது, வராமலே விடுவதிலும் கேவலம். வராதவனுக்கு வேலை என்று சொல்லிச் சமாளிக்கலாம். வந்து குடிக்காமல் போனவனுக்கு என்ன சொல்வது?

தவம் வழக்கறிஞராகப் போயிருக்கவேண்டியவள். "எங்கட வீட்டுச் சாப்பாடுதானே தின்னமாட்டார்?" என்று கேட்டாளாம். "அப்ப உங்கட வீட்டுச் சாப்பாட்டைக் கொண்டுவந்து இஞ்சை தின்னட்டும்."

"செய்து கொண்டுவந்தால் பிளேனிலை உருகிப்போகும் அக்கா."

"செய்யாமல் கொண்டுவா. இஞ்சை வச்சுச் செய்."

இப்படித்தான் கோடீஸ்வரன் என் வீட்டுக்கு வந்தான்.

உதைபந்தாட்ட உலகக் கிண்ணம் முடிந்து இரண்டு கிழமை இருக்காது. பல்கனிகளில் கொடிகள் இன்னும் தொங்கின. வெயில் சுட்டெரித்தது. கதவைத் திறந்தேன். அனற் ஒரு சூட்கேஸை இழுத்துக்கொண்டு நின்றாள். பின்னால் ரஞ்சன். தலை முன்பக்கம் முழுக்க வெளித்துவிட்டது. எனக்கும் அப்படித்தான், அப்பாவின் தலை. அவன் என்னைப் பார்க்கவில்லை. கதவு நிலையைப் பார்த்தான். நான் நிலையில் பூசின வர்ணம் எப்படி என்று ஆராய வந்தவன் மாதிரி.

"வாங்கோ," என்றேன், பொதுவாக.

"வந்திட்டம்," என்றான், நிலைக்கு.

சூட்கேஸைக் குசினி மேசையில் திறந்தார்கள். மா, சீனி, ரின்பால், சொக்கிலேற், பச்சைத் தகரத்தில் பொன்னிறப் பாணி, சதுரத் தட்டு, மரக்கரண்டி. தின்பதற்குக் கடதாசித் தட்டும் கொண்டுவந்திருந்தாள். பட்டர் மட்டும் இங்கே வாங்கினது, அதுவும் அவள் காசில். ரின்பாலை அங்கேயிருந்து கொண்டுவந்தது நல்லதாகப் போனது. ஜேர்மன்காரன் ரின்பாலுக்குச் சீனி போடமாட்டான். கோப்பிக்குள் விடுகிற வெறும் பால்தான் வைத்திருக்கிறான்.

"சுடுகிற அவண் எங்கடைதானே? கறண்டும் எங்கடை," என்றேன். சும்மா இருக்க என்னால் ஏலாது.

"கறண்டை ஆரும் தின்னிறேல்லை அண்ணை," என்றாள் அனற். "நீங்கள் வாயை வச்சுக்கொண்டு சும்மா இருங்கோ."

தவம் ஒருவருக்கும் குடிக்க ஒன்றும் கொடுக்கவில்லை. வந்த ஆள் குடிக்காமல் வீட்டு ஆட்கள் குடிப்பது மரியாதை இல்லையாம். எனவே அந்த வெயிலுக்குள் ஆறு பேர் நாக்கு வறண்டு இருந்தோம். ரஞ்சன் ஹோலில் கதிரை நுனியில் உட்கார்ந்து சுவரில் கிடந்த முருகன் கலண்டரைப் படித்தான். அதில் படிக்க என்ன இருக்கிறது? ராகு காலம்தான்.

4

அவனுடைய மகள் றேச்சலுக்கு ஒன்பது வயது. என் மகள் அபிக்குப் பதினாலு. அபி ஜிம்னாசியம் என்கிற மேல்நிலைப் பள்ளியில் படிக்கிறாள். ஆங்கிலத்தில் நல்ல புள்ளி. தங்கச்சியோடு ஆங்கிலத்தில் கதைக்கப்போகிறேன் என்று ஒரு கிழமையாகத் துள்ளினாள். அஞ்சு நிமிடத்தில் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு என்னிடம் வந்து ஜேர்மனில் கேட்டாள், அவள் பேசுவது என்ன மொழி என்று.

"ஆங்கிலம்."

"இல்லை அப்பா. எனக்கு ஆங்கிலம் தெரியும்."

நானும் காது கொடுத்துக் கேட்டேன். கிளாஸ்கோ ஆங்கிலம் தொண்டைக்குள் கல்லைப் போட்டு உருட்டுகிற மாதிரி இருந்தது. றேச்சலுக்கு ஜேர்மன் ஒரு சொல்லும் தெரியாது. வேறு வழியில்லாமல் இரண்டும் தமிழுக்கு வந்தன. இங்கே பிள்ளைகளிடம் தமிழில் ஒரு வசனம் வாங்குவது பல்லுப் பிடுங்குவதைவிடக் கஷ்டம். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு அபியை இழுத்துக்கொண்டு போய் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அங்கே அவள் படித்தது முழுக்கப் பேச்சுப் போட்டித் தமிழ்.

"தங்கையே, நீ இங்கே அமரலாம்," என்றாள் அபி.

"என்னத்துக்கு அக்கா அழுற மாதிரிக் கதைக்கிறீங்கள்?" என்றாள் றேச்சல். அவளுக்கு அனற்றின் மன்னார்த் தமிழ்.

அடி பிஸ்கற் நன்றாகவே வந்தது. அனற் மாவையும் சீனியையும் பட்டரையும் விரலால் உதிர்த்து, தட்டில் அமத்தி, முள்ளுக்கரண்டியால் குத்தி, அவணுக்குள் வைத்தாள். மணம் வந்தது. பிறகு சட்டியை அடுப்பில் ஏற்றிக் களி காய்ச்சத் தொடங்கினாள். அந்த நேரம் பார்த்துத் தவம், கலியாண வீட்டுக்கு எடுத்த சாறியைப் பார்க்கவா என்று கூப்பிட்டாள்.

"அண்ணை, கொஞ்ச நேரம் கிண்டுங்கோ. அடிப்பிடிக்க விடாதேங்கோ. இப்ப வாறன்."

சாறி பார்க்கப் போன பெண் இப்ப வருவாளா? நான் கிண்டினேன். மரக்கரண்டி, சட்டி, தள தளவென்று கொதிக்கிற இனிப்பு. இது எனக்குத் தெரிந்த வேலை. சித்திரை வருசத்துக்குத் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் விட்டுத் தொதல் கிண்டுகிறபோது எங்கள் வீட்டில் நானும் ரஞ்சனும்தான் மாறி மாறி நிற்போம். தொதலுக்கு ஒரே ஒரு சட்டம். எண்ணெய் கக்கும்வரை கிண்டு. கக்கினால் இறக்கு. அதற்கு முதல் இறக்குகிறவன் சோம்பேறி. நான் நெருப்பைக் கூட்டினேன்.

ஹோலிலிருந்து குசினி நேரே தெரியும். ரஞ்சன் கலண்டரை விட்டுவிட்டான்.

"றேச்சல், நெருப்பைக் குறைக்கட்டாம் எண்டு போய்ச் சொல்லு," என்றான்.

றேச்சல் ஓடி வந்தாள். "பெரியப்பா, நெருப்பைக் குறைக்கட்டாம்."

"தெரியுமாம் எண்டு போய்ச் சொல்லு."

ஓடினாள். திரும்பி வந்தாள். "கூடக் கிண்டினா பழுதாப் போகுமாம்."

"இன்னும் எண்ணெய் கக்கேல்லையாம் எண்டு சொல்லு."

"எண்ணெய் கக்கக் கூடாதாம்."

"ஆருக்குக் கிண்டத் தெரியும் எண்டு கேள்."

றேச்சல் நடு வழியில் நின்றுவிட்டாள். "நீங்கள் ரெண்டு பேரும் கிட்டத்தானே நிக்கிறீங்கள். எனக்குக் கால் நோகுது," என்று சொல்லிவிட்டு நிலத்தில் இருந்துகொண்டாள். அபி பக்கத்தில் போய், "தங்கையே, அவர்கள் பைத்தியங்கள்," என்றாள். தமிழ்ப் பள்ளிக்குக் கட்டின காசு வீண் இல்லை.

அப்போதுதான் எண்ணெய் கக்கியது. பட்டர் பிரிந்து ஓரத்தில் மஞ்சளாகத் தேங்கிற்று, நடுவில் களி திரைந்து கட்டி கட்டியாக நின்றது. எனக்குச் சந்தோசம். இறக்கி வைத்தேன். "வந்திட்டுது," என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னேன்.

ரஞ்சன் எழும்பிவிட்டான். குசினி வாசலில் வந்து நின்று, முகத்தைத் திரும்பவும் கலண்டர் பக்கம் வைத்துக்கொண்டு கத்தினான்.

"ஆரும் அந்த மனிசனுக்குச் சொல்லுங்கோ. இது தொதல் இல்லை. எண்ணெய் கக்கினால் பிழைச்சுப்போச்சு. எங்கட வேலையிலை இப்பிடிச் செய்தால் சட்டியோடை வெளியிலை போடுவாங்கள்."

"தொதல் எண்டால் கக்கத்தான் இறக்கிறது," என்றேன் கரண்டிக்கு.

"தொதல் எண்டு ஆர் சொன்னது?"

"களியெண்டால் களிதானே."

"ஒண்டுக்கும் உதவாத விசர்க் கதை."

வேறு ரின்பால் இல்லை. ஞாயிற்றுக்கிழமை, கடை ஒன்றும் திறக்காது. இந்த நாட்டில் ஞாயிற்றுக்கிழமை பால் முடிந்தால் திங்கள்வரை பசுவோடுதான் பேசவேண்டும். சட்டியைப் பார்த்தேன். கோடீஸ்வரன் போனால் ரஞ்சன் வாயில் வைக்கக்கூடியது என் வீட்டில் வேறு ஒன்றும் இல்லை. கலியாணம் முடிந்த கையோடு அவர்கள் விமானம் ஏறுகிறார்கள். அம்மாவுக்கு என்ன சொல்வது? "பிழைச்சுப்போச்சம்மா, கூடக் கிண்டிப்போட்டன்" என்றா?

கரண்டியைச் சட்டிக்குள் விட்டுவிட்டு விலகி நின்றேன். எனக்கே அது புதினம். அவன் சட்டிக்குள் எட்டிப் பார்த்தான். பிறகு குரலை இறக்கி, கலண்டரிடம் சொன்னான்.

"சுடுதண்ணி கொஞ்சம் விட்டுக் கெதியாய் அடிக்கச் சொல்லுங்கோ. சேரும்."

குழாயைத் திறந்து கேத்திலில் பிடித்தேன், கொதிக்கவைத்தேன், கரண்டி கரண்டியாக விட்டு அடித்தேன். "இன்னும் கொஞ்சம்," என்றான். விட்டேன். "காணும். அடிச்சுக்கொண்டிருக்கோணும்." அடித்தேன். மஞ்சள் எண்ணெய் உள்ளே போனது. கட்டி கரைந்தது. களி பட்டுமாதிரி மினுங்கிக்கொண்டு திரண்டு வந்தது.

அபி என்னைப் பார்த்தாள். பிறகு குழாயைப் பார்த்தாள். அவளுக்குக் கதை எல்லாம் தெரியும், தவம் சொல்லியிருக்கிறாள். நான் உதட்டில் விரலை வைத்தேன்.

5

சொக்கிலேற்றை உடைக்க நான் இடியுரல் உலக்கையை எடுத்தேன். நாலு இடிதான் இடித்தேன். கதவில் மணி. கீழ்வீட்டு ஜேர்மன் மனிசி. ஞாயிற்றுக்கிழமை ஓய்வு நேரத்தில் சத்தம் போடக்கூடாது என்று கீழே அறிவித்தல் ஒட்டியிருக்கிறதாம், பார்க்கவில்லையா என்று கேட்டாள். பார்த்திருக்கிறேன் என்றேன். அதை ஒட்டினதே நான்தான். மன்னிப்புக் கேட்டுக் கதவைச் சாத்தினேன். ரஞ்சன் கலண்டரைப் பார்த்துச் சிரித்த மாதிரி இருந்தது. முருகன் பகிடி விட்டாரோ தெரியாது.

அனற் சொக்கிலேற்றை உருக்கி ஊற்றினாள். தட்டைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தோம். இறுகும்வரை காத்திருந்தோம். அதைப்போல நீளமான நேரம் நான் வெளிநாட்டவர் கந்தோரில்கூடக் காத்திருந்ததில்லை. அங்கே இலக்கமாவது கூப்பிடுவார்கள். பிள்ளைகள் இரண்டும் கட்டிலில் படுத்து, யார் அப்பா கூட விசரன் என்று தமிழில் வாதாடின. தவம் உலர்ந்த உதட்டை நக்கினாள். ஒருவரும் தண்ணீர் கேட்கவில்லை.

குசினியில் அபி தாயின் காதுக்குள் எதையோ சொன்னாள். தவம் சிரிக்கவில்லை. ஆனால் முந்தானையைச் சரிசெய்தாள். வெற்றி வருகிறபோது அவள் அப்படித்தான் செய்வாள்.

துண்டு போட்டாயிற்று. அனற் கத்தியைச் சுடவைத்துச் சின்னச் சின்னதாக வெட்டினாள். தவம் அதைப் பிடுங்கி மஸ்கற் இனிப்புத் துண்டு மாதிரி இரண்டு மடங்கு பெரிதாக வெட்டினாள். கடதாசித் தட்டில் வைத்து ரஞ்சனிடம் நீட்டினது அனற்.

"எங்கட மா, எங்கட சீனி, எங்கட தட்டு," என்றாள். "தின்னுங்கோ."

அவன் எடுத்தான். பெரிய துண்டு. பாதியைக் கடித்தான். அந்தக் களி பல்லில் ஒட்டும். ஒட்டினால் லேசில் விடாது. அவன் தாடை மேலும் கீழும் போராடியது. நெற்றியில் வேர்த்தது. அந்த இனிப்பு, அந்த வெயில், மத்தியானம் தொடக்கம் ஒரு சொட்டு நீரும் இல்லை.

"நல்லா வந்திருக்கு என்ன தம்பி?" என்றாள் தவம், மெதுவாக. "தண்ணி விட்டதாலைதான் சேர்ந்தது."

அவன் தாடை நின்றது.

"சித்தப்பா," என்றாள் அபி, மேடையில் நிற்கிறவள் மாதிரிக் கையைக் கட்டிக்கொண்டு, "அது எங்கள் வீட்டுக் குழாயிலிருந்து வந்த தண்ணீர். விடச் சொன்னவர் நீங்கள்தான்."

அனற் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ரஞ்சன் கையில் இருந்த மிச்சப் பாதியைப் பார்த்தான். துப்புவான் என்று நினைத்தேன். அவனால் முடியும். புட்டில் கை கழுவின ஆள். துப்பினால் அவ்வளவுதான், இனி அம்மாவுக்கும் இரண்டு அந்தியேட்டிதான். நான் அவன் கடதாசித் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவன் துப்பவில்லை. வாயில் ஒட்டியிருந்ததை நாக்கால் தோண்டி எடுத்து மென்றான். நேரம் எடுத்தது. விழுங்கினான். மிச்சப் பாதியையும் வாய்க்குள் போட்டான். அதுவும் ஒட்டியது. அதையும் மென்று முடித்தான். பிறகு கலண்டரிலிருந்து கண்ணை எடுத்து, கதவைத் திறந்ததிலிருந்து முதல்முறையாக என்னைப் பார்த்தான்.

"அண்ணை, தேத்தண்ணி ஊத்துறதெண்டால் எனக்குச் சீனி போடாதேங்கோ. செத்துப்போவன்."

நான் போய்க் கேத்திலை வைத்தேன். ஆறு கோப்பை. ஒன்றுக்கும் சீனி போடவில்லை. ரஞ்சன் நின்றபடியே முதல் கோப்பையைக் குடித்துவிட்டு, இரண்டாவதுக்குக் கையை நீட்டினான். நாங்கள் கட்டிக்கொண்டு அழுதோம் என்று எழுதினால் உங்களுக்குப் பிடிக்கும். அழவில்லை. "உந்தக் குழாய்த் தண்ணி சுண்ணாம்பு," என்றான் அவன். "கிளாஸ்கோத் தண்ணி திறம்." "அப்ப அங்கை போய்க் குடி," என்றேன். பதினொரு வருடத்துக்குப் பிறகு முதல் சண்டை. நன்றாக இருந்தது.

தவம் அதற்குள் தொலைபேசியைச் சுழற்றிவிட்டாள். ஊரில் பக்கத்து வீட்டுப் பெடியன் கொண்டுபோய்க் கொடுத்த மொபைலில் அம்மா வந்தா. முதலில் நான் பேசினேன், பிறகு ரஞ்சன் பேசினான், பிறகு திரும்பவும் என்னிடம் தந்தான்.

"ரெண்டு பேரும் ஒரு வீட்டிலையோ?" என்று கேட்டா.

"ஓமம்மா."

"தின்னக் குடுத்தியோ?"

"ஓம். திண்டவன்."

"என்ன குடுத்தனீ?"

"பிஸ்கற்."

தொடர்பு அறுந்துவிட்டது என்று நினைத்தேன்.

"பிஸ்கற்றோ?" என்றா அம்மா. "அது அரைவாசிதான். அண்டைக்குப் பாதியிலை விட்டிட்டு எழும்பிப்போன சாப்பாட்டை முடிக்கட்டும். அதுவரைக்கும் நான் சாகமாட்டன்."

தொலைபேசியை வைத்தேன். அம்மாவுக்குக் காது மந்தம், அதனால் எப்போதும் கத்தித்தான் பேசுவா. அவ சொன்னது எல்லாருக்கும் கேட்டிருந்தது. ரஞ்சன் காலி கோப்பைக்குள் பார்த்துக்கொண்டு இருந்தான். அனற் நேரத்தைப் பார்க்கவில்லை.

தவம் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. அலுமாரியின் மேல்தட்டைத் திறந்து புட்டுப் பானையை இறக்கினாள்.